பூட்டானின் வழிகாட்டிகள்: யாத்திரை முதல் உல்லாசப் பிரயாணம் வரை — ஒரு வரலாற்று நோக்கு

பூட்டானைப் பற்றி எழுதப்புகுவோர் அதனை 'மூடப்பட்ட நாடு' எனக் குறிப்பிடுதல் வழக்கமாகிவிட்டது. உலகத்துக்குக் கதவடைத்திருந்த இமாலய பௌத்த இராச்சியம் ஒன்று 1974 ஆம் ஆண்டிலே அக்கதவைச் சற்றே திறந்து, வழிகாட்டி ஒருவனின் துணையோடு மட்டும் பிறநாட்டாரை உள்ளே வரவிட்டது என்பது உல்லாசப் பிரயாணப் பிரசுரங்கள் யாவும் கூறும் செய்தி. இக்கூற்று முற்றிலும் பிழையன்று. ஆயினும் அது சில வினாக்களை மறைத்துவிடுகின்றது. கதவு எவருக்கு மூடியிருந்தது, எவருக்குத் திறந்திருந்தது? உள்ளே வந்தவனுக்கு எதனைக் காட்டுவது, எதனைச் சொல்லாது விடுவது என்பதைத் தீர்மானித்தவர் யாவர்? பூட்டானின் புனிதத் தலங்களிலே யாத்திரிகனுக்கோ பிரயாணிக்கோ முன்னால் நடந்து சென்ற வழிகாட்டியின் வரலாற்றைத் தொடர்ந்து பார்ப்பதன் மூலம் இவ்வினாக்களை அணுகலாம் என்பது எனது எண்ணம்.

உல்லாசப் பிரயாணம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அந்நாட்டு மக்கள் யாத்திரை செய்தனர். புனிதத் தலத்தை அவர்கள் 'நே' என்பர். யாத்திரைக்கு அவர்கள் வழங்கும் பெயர் 'நேகோர்'. தலத்தைச் சுற்றிவருதல் என்பது அச்சொல்லின் பொருள். நாம் வீதிவலம் வருதல் என்று சொல்வதற்கு இது மிக அண்மித்தது. பாரோப் பள்ளத்தாக்கிலுள்ள கிச்சு ஆலயத்தையும் பும்தாங்கிலுள்ள ஜம்பே ஆலயத்தையும் ஏழாம் நூற்றாண்டிலே திபெத்திய மன்னன் சொங்ட்சென் காம்போ கட்டினான் என்பது மரபு. அடுத்த நூற்றாண்டில் வந்த பத்மசம்பவரை அந்நாட்டார் குரு ரின்போச்சே எனப் போற்றுவர். பெண்புலியின் மீதேறிப் பறந்து வந்து அவர் தவமிருந்ததாகக் கூறப்படும் குகையே, இன்று பூட்டானின் அடையாளமாக உலகெங்கும் அறியப்படும் தக்சாங். அவருடைய உடலின் சுவடு பாறையிலே பதிந்துள்ளதாகக் கூறப்படும் இடம் பும்தாங்கிலுள்ள குர்ஜே.

இங்கு கவனிக்கத்தக்க ஓர் உண்மை உண்டு. பாறையில் தெரியும் பள்ளம் ஒன்று குருவின் சுவடு என்பது பார்ப்பவனுக்குத் தானாகத் தெரிந்துவிடுவதில்லை. ஒருவர் சொல்ல வேண்டும். அவ்வாறு சொல்வதற்கென்றே 'நேயிக்' எனப்படும் தல வழிகாட்டி ஏடுகள் திபெத்திய பௌத்த உலகிலே எழுந்தன. எந்தக் குகையில் எவர் தியானித்தார், எந்தப் பாறையில் எவருடைய பாதம் பதிந்தது, எத்தனை முறை வலம் வந்தால் என்ன பலன் கிட்டும் என்றெல்லாம் அவை கூறும். நம்முடைய தலபுராணங்களோடு ஒப்புநோக்கத்தக்க இலக்கியவகை இது எனலாம். ஆனால் தலபுராணத்திலும் பார்க்க இது கால்நடையாகச் செல்பவனின் தேவையை அறிந்தது. ஏடு வாசிக்க அறியாத யாத்திரிகனுக்கு ஆலயத்தின் காவலரான கொன்யேர் உதவுவார். திறப்பு அவரிடமே இருக்கும். கதவைத் திறந்து, நெய்விளக்கின் ஒளியில் உருவங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, தீர்த்தம் வார்த்து, கதையும் சொல்பவர் அவரே. பூட்டானின் முதல் வழிகாட்டி இவரே.

இம்மரபின் உச்சமாக விளங்கியவர் பும்தாங்கிற் பிறந்த பேமா லிங்பா (1450–1521). பத்மசம்பவர் எதிர்காலத்துக்கென மறைத்துவைத்த நூல்களையும் பொருள்களையும் கண்டெடுப்போர் தெர்த்தோன் எனப்படுவர். இவர் அவர்களுள் ஒருவர். ஐயுற்றோர் முன்னிலையில் எரியும் விளக்கொன்றைக் கையிலேந்தி ஆற்றுமடுவொன்றினுள் குதித்து, விளக்கு அணையாமலே புதையலோடு மேலே வந்தார் என்பது அவரைப் பற்றிய கதை. அம்மடுவுக்கு எரியும் ஏரி எனப் பொருள்படும் மெம்பர்ட்சோ என்னும் பெயர் வழங்குகின்றது. அவர் 1501 இல் தொடங்கிய தம்சிங் ஆலயத்திலே, அவரே செய்ததாகக் கூறப்படும் இரும்பு வளையக் கவசம் ஒன்று உள்ளது. யாத்திரிகர் அப்பாரத்தைத் தோளிற் சுமந்து மும்முறை வலம் வருவர். பாவம் தீரும் என்பது நம்பிக்கை. அடியவன் தன் உடம்பாலே அறியும் மரபுரிமை இது. பிற்காலத்திலே கண்ணால் மட்டும் காணும் மரபுரிமை வந்தபோது எது மாறிற்று என்பதை விளங்கிக்கொள்ள இக்கவசத்தை நினைவில் வைத்திருத்தல் நன்று.

தலங்களின் மீதான அதிகாரம் அரசின் கைக்கு வந்தது பதினேழாம் நூற்றாண்டிலாகும். திபெத்திலுள்ள ராலுங் மடத்திலிருந்து 1616 இல் வந்து சேர்ந்த சப்துருங் நவாங் நம்கியால், சிதறிக்கிடந்த பள்ளத்தாக்குகளை ஓர் ஆட்சியின்கீழ்க் கொணர்ந்தார். 1629 இல் சிம்தோக்கா, 1637 இல் புனாக்கா என அவர் எழுப்பிய சோங்குகள் கோட்டையாகவும் மடமாகவும் களஞ்சியமாகவும் ஒருங்கே அமைந்தன. அவற்றினுள் நுழைபவன் ஆலயத்துக்குள்ளும் அரசாங்கத்துக்குள்ளும் ஒரே வாயிலால் நுழைந்தான். ஆகவே அவனுக்கு வழிகாட்டுபவனும் இரண்டுக்கும் பொறுப்பாளனானான்.

சப்துருங் 1651 இல் மறைந்தபோது நடந்தது வரலாற்று மாணவனை நெடுநேரம் சிந்திக்க வைப்பது. அவருடைய மறைவு அரை நூற்றாண்டுக்கு மேலாக வெளியிடப்படவில்லை. அவர் தியானத்தில் அமர்ந்திருக்கிறார், எவரையும் காணார் என்றே புனாக்காவுக்கு வந்தோரிடம் சொல்லப்பட்டது. அவர் பெயராலேயே ஆணைகளும் பிறந்தன. புதிய அரசின் ஒற்றுமை குலையாதிருக்க இது தேவைப்பட்டது என்பர் வரலாற்றாசிரியர், அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் மூடிய கதவொன்றின் முன்னே நின்று, உள்ளே இருப்பது இதுதான் என்று சொல்லும் அதிகாரம் எத்துணை வலியது என்பதை இந்நிகழ்ச்சிபோல் வேறெதுவும் காட்டாது. அவருடைய பூதவுடல் புனாக்காச் சோங்கினுள் இருக்கும் ஆலயத்தில் இன்றும் உள்ளது. மன்னரும், தலைமைக் குருவான ஜே கென்போவும், பணிபுரியும் குருமார் சிலரும் தவிர வேறெவரும் அங்கு நுழைவதில்லை.

'மூடப்பட்ட நாடு' என்னும் கருத்து இக்காலத்துக்குப் பொருந்துமா எனின், பொருந்தாது. போர்த்துக்கேய யேசுசபைக் குருமாரான கசெல்லாவும் கப்ராலும் 1627 இல் வந்தபோது சப்துருங் அவர்களை அன்போடு வரவேற்றுத் தம்முடன் தங்கவைத்தார். 1774 இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அனுப்பிய ஜோர்ஜ் போகிள் திபெத்துக்குச் செல்லும் வழியிலே பல மாதங்கள் அங்கே தங்கினார். ஹேஸ்டிங்ஸின் பணிப்பின்படி வழியெங்கும் உருளைக்கிழங்கு நட்டுச் சென்றவரும் அவரே. வணிகரும் இலாமாக்களும் யாத்திரிகரும் திபெத்தின் பக்கமாக ஓயாது வந்துபோயினர். தெற்கிலே பிரித்தானியர் எல்லையை நெருங்கி, 1864–65 போரின் முடிவில் தாழ்நிலத் துவார்களைக் கைப்பற்றிக்கொண்ட பின்னரே தென்புறக் கதவு இறுகியது. வடபுறக் கதவு திபெத்தில் 1959 இல் நிகழ்ந்தவற்றின் பின்னர் மூடப்பட்டது. மூடியிருந்தமை தொன்றுதொட்ட இயல்பன்று. அண்மைக்கால அரசியலின் விளைவு.

1958 ஆம் ஆண்டு இந்தியப் பிரதமர் நேரு பாரோவுக்குச் சென்றபோது மோட்டார் வீதி எதுவும் அங்கிருக்கவில்லை. சிக்கிமினூடாகவும் சும்பிப் பள்ளத்தாக்கினூடாகவும் குதிரையிலும் நடையிலுமாக அவர் சென்றார். மூன்றாம் மன்னர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக் பண்ணையடிமை முறையை ஒழித்தவர். நாட்டை இந்தியாவை நோக்கித் திருப்பியவரும் அவரே. எல்லையிலுள்ள புன்ட்சோலிங்கிலிருந்து உள்நாட்டுக்கு 1962 இல் வீதி திறக்கப்பட்டது. ஆறு நாள் கோவேறு கழுதைப் பயணம் ஒரே நாளாகச் சுருங்கிற்று. அவ்வீதிகளை அமைக்க மலை வெட்டியோருள் நேபாள, இந்தியத் தொழிலாளர் பெருந்தொகையினர். உல்லாசப் பிரயாணத்தின் வரலாற்றை எழுதுவோர் விடுதிகளிலிருந்து தொடங்குவர். இந்த வீதிகளிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

விடுதிகள் பின்னரே வந்தன. 1974 ஜூன் 2 ஆம் நாள் நான்காம் மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக்கின் முடிசூட்டு விழா நடைபெற்றது. பிறநாட்டு விருந்தினருக்கெனத் திம்புவிலும் பாரோவிலும் விடுதிகள் கட்டப்பட்டன. விழா முடிந்தது, விடுதிகள் எஞ்சின. அவற்றைக் கொண்டு என்ன செய்வது என்ற வினாவுக்கு விடையாகவே உல்லாசப் பிரயாணம் தொடங்கிற்று என்று கூறின் அது முழு உண்மையாகாவிடினும் பெரும்பகுதி உண்மையாகும். அவ்வாண்டில் வந்த பிரயாணிகள் 287 பேர். பூட்டானின் வாணிபம் அனைத்தும் இந்திய ரூபாவிலே நடைபெற்றமையால் டொலர் ஈட்டும் வழி அரசுக்கு அவசியமாயிருந்தது. அதே வேளை, கதவை அகலத் திறந்த காத்மண்டுவிலே 1960களின் ஹிப்பிகள் குவிந்ததை அது கண்டிருந்தது. எனவே குறைந்த தொகையினர், கூடிய கட்டணம் என்ற கொள்கை உருவாயிற்று. நாளொன்றுக்கு இவ்வளவு டொலர் என வகுத்து, உணவு, உறையுள், வாகனம், வழிகாட்டி யாவற்றையும் அதனுள் அடக்கினர். பிரயாணி வழிகாட்டியைத் தெரிந்தெடுக்கவில்லை, வழிகாட்டி விதிக்கப்பட்டான். முதலில் அரசின் கூட்டுத்தாபனமும், 1991 இன் பின்னர் தனியார் நிறுவனங்களும் இதனை நடத்தின. வழிகாட்டிக்குப் பயிற்சியும் அனுமதிப்பத்திரமும் அரசே வழங்கியது. கொன்யேரின் இடுப்பிலிருந்த திறப்பு இவ்வாறு கைமாறியது.

கண்ணால் காண்பது குறித்து இங்கு ஒரு சொல். பாரோத் திருவிழாவின் இறுதிநாளில், விடியுமுன்னர், சோங்கின் சுவரை மறைக்குமளவு பெரிய துணிச்சித்திரம் ஒன்று விரிக்கப்படும். கதிரொளி அதன்மீது படுமுன் சுருட்டி வைக்கப்படும். தோங்ட்ரோல் என்பது அதன் பெயர். கண்ட மாத்திரத்தே விடுதலை தருவது என்பது பொருள். அதன் கீழ்விளிம்பைத் தலையால் தொட்டு வணங்கத் தாயர் குழந்தைகளுடன் வரிசையில் நிற்பர். பிரயாணியும் காணத்தான் வருகின்றான். இருவரும் ஒன்றையே காண்கின்றனர். ஒருவன் கண்டு விடுதலை பெற வந்தவன், மற்றவன் கண்டு படம்பிடிக்க வந்தவன். அவ்விழாவிலே முகமூடியணிந்து மக்களைச் சிரிக்கவைக்கும் கோமாளியை அட்சரா என்பர். அது ஆசாரியர் என்னும் வடசொல்லின் திரிபு என்று அறியும்போது நமக்கும் சிரிப்பு வரும்.

இவ்விரு காட்சிகளும் ஓரிடத்தில் நெடுங்காலம் அமைதியாக இருக்க முடியவில்லை. 1988 இல் நாட்டின் மடாலயங்கள் பலவற்றுள் பிரயாணிகள் நுழைவதை அரசு தடைசெய்தது. குருமாரின் வாழ்வைப் பிரயாணிகளின் பணமும் பரிசுப்பொருள்களும் குலைக்கின்றன என்பது காரணமாகக் கூறப்பட்டது. தடை பின்னர் படிப்படியாகத் தளர்ந்தது. எனினும் கருவறைகளினுள் படம்பிடிக்கத் தடை இன்றும் உண்டு. தக்சாங்கின் வாயிலிலே பையையும் கருவியையும் ஒப்படைத்துவிட்டே உட்செல்ல வேண்டும். மலைகளுக்கும் இக்கட்டுப்பாடு நீண்டது. 6,000 மீற்றருக்கு மேற்பட்ட சிகரங்களில் ஏறுவது 1994 இலும், மலையேற்றம் முழுவதும் 2003 இலும் தடைசெய்யப்பட்டன. தெய்வங்கள் உறையும் சிகரங்களை மிதிப்பது கிராமத்தவர்க்கு ஒவ்வாது. 7,570 மீற்றர் உயரமான கங்கார் புவென்சும் சிகரத்தை இன்றுவரை மனிதக் கால் மிதிக்கவில்லை. வருமானத்தை இழந்தும் ஓர் அரசு இதனைச் செய்தது என்பதைப் பாராட்டாதிருக்க முடியாது.

ஆனால் அதே 1988 ஆம் ஆண்டிலே தென்பூட்டானில் வேறொரு காரியமும் தொடங்கிற்று. அங்கு தலைமுறைகளாக வாழ்ந்த, நேபாளி பேசும் மக்கள் லோட்சம்பா எனப்படுவர், பெரும்பாலோர் இந்துக்கள். 1985 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் அடிப்படையில் எடுக்கப்பட்ட குடித்தொகைக் கணக்கெடுப்பிலே, 1958 ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்தமைக்கு ஆவணம் காட்டுமாறு அவர்கள் கேட்கப்பட்டனர். 1989 இல் திரிக்லாம் நம்ஸா என்னும் மரபொழுக்க விதிகள் யாவர்க்கும் கட்டாயமாக்கப்பட்டன. வடபுலத்தாரின் உடைகளாகிய ஆண்களின் கோவும் பெண்களின் கிராவும் எல்லோரும் அணியவேண்டிய உடைகளாயின. பாடசாலைகளிலிருந்து நேபாளி மொழி நீக்கப்பட்டது. 1990 இல் தெற்கிலே ஆர்ப்பாட்டங்கள் எழுந்தன, அடக்குமுறை தொடர்ந்தது, ஒரு இலட்சம் அளவினர் நாட்டைவிட்டு வெளியேறிக் கிழக்கு நேபாளத்தின் ஜாப்பா, மொராங் மாவட்டங்களில் முகாம்களில் அகதிகளாயினர். வெளியேறியோருட் பலர் சட்டவிரோதமாகக் குடியேறியவர்கள் என்பது அரசின் வாதம். 1975 இல் சிக்கிம் இந்தியாவுடன் இணைக்கப்பட்டதைக் கண்ட ஆளும் வர்க்கத்தினரின் அச்சத்தையும் வரலாற்றாசிரியன் கணக்கில் எடுக்கவே வேண்டும். அச்சம் ஒன்றின் காரணத்தை விளக்குவது வேறு, அதன் பெயரால் நிகழ்ந்ததை நியாயப்படுத்துவது வேறு. நேபாளத்துடன் பல சுற்றுப் பேச்சுக்கள் நடந்தும் அகதிகள் திரும்ப வழி பிறக்கவில்லை. 2007 இன் பின்னர் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அமெரிக்கா முதலிய நாடுகளிற் குடியமர்த்தப்பட்டனர்.

இதற்கும் வழிகாட்டிக்கும் என்ன தொடர்பு எனலாம். வழிகாட்டி அணிந்திருப்பது அதே உடை. பிரயாணியை அழைத்துச் செல்லும்போது அவன் கோ அணிந்திருத்தல் விதி. சோங்கினுள் நுழையும்போது தோளில் வெண்ணிறக் கப்னேயைச் சாற்றிக்கொள்வான். பிரயாணிக்கு அது கண்ணுக்கினிய காட்சி. மரபை விளக்குபவனே மரபின் காட்சிப்பொருளாகவும் நிற்கின்றான். ஒரு புலத்தாருக்குப் பெருமையாகிய அவ்வுடை மற்றொரு புலத்தாருக்குத் தண்டப்பணத்துக்கு அஞ்சி அணிந்த உடையாயிற்று என்பது மரபுரிமைச் சுற்றுலாவின் கதையில் இடம்பெறுவதில்லை. இதற்காகத் தனியொரு வழிகாட்டியைக் குறைகூறுதல் தகாது. அவன் பழைய நேயிக் ஏட்டின் வாரிசு. தலத்தின் மகிமையைச் சொல்வது அவன் தொழில். குறைகூறத்தக்கது, நாட்டுக்கு ஒரேயொரு தலபுராணம்தான் உண்டு என்ற கொள்கை. 2008 ஆம் ஆண்டு அரசியலமைப்பு பௌத்தத்தை நாட்டின் ஆன்மிக மரபுரிமை என்கின்றது. மத சுதந்திரத்தையும் அது உறுதிசெய்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியிலேயே தெற்கில் எஞ்சியுள்ள லோட்சம்பாக்கள் வாழ்கின்றனர்.

கட்டுப்பாடு யாவருக்கும் ஒரேவிதமாக இருந்ததுமில்லை. இந்தியர் கட்டணமோ வழிகாட்டியோ இன்றி நெடுங்காலம் வந்துபோயினர். 2019 இல் வந்தோர் தொகை மூன்று இலட்சத்தைத் தாண்டியபோது அவர்களுட் பெரும்பான்மையினர் இந்தியரே. அவ்வாண்டில் டோச்சுலாக் கணவாயிலே பிரயாணி ஒருவர் தூபியொன்றின்மேல் ஏறி நின்று எடுத்த படம் பெருங்கொதிப்பை ஏற்படுத்திற்று. 2003 இல் தெற்கெல்லைக் காடுகளில் நடந்த இராணுவ நடவடிக்கையின் நினைவாக எழுப்பப்பட்ட 108 தூபிகளைக் கொண்ட இடம் அது. அருகில் வழிகாட்டி இருந்திருப்பின் இது நிகழ்ந்திராது என்று அப்போது பலர் எழுதினர்; அவர்கள் கூற்றில் நியாயம் உண்டு. 2020 முதல் இந்தியா, வங்காளதேசம், மாலைதீவு ஆகிய மூன்று நாட்டவருக்கும் நாளொன்றுக்கு 1,200 நுல்ட்ரம் விதிக்கச் சட்டம் வந்தது. பெருந்தொற்றின் பின்னர் 2022 செப்டெம்பரில் நாடு மீண்டும் திறக்கப்பட்டபோது இந்தியரல்லாத ஏனையோருக்கு நாளொன்றுக்கு 200 டொலராக இருந்த கட்டணம், 2023 இல் 100 டொலராகக் குறைக்கப்பட்டது. மேற்கூறிய மூன்று நாட்டவருள் இலங்கையர் அடங்கார். நூறு டொலர் என்பது நம்மிடையே மகாபொல உதவுதொகை பெறும் மாணவன் ஒருவனுக்குச் சில மாதங்களின் வருவாய். இக்கட்டுரையை எழுதுபவன் தக்சாங்கைப் படத்தில் மட்டுமே கண்டவன் என்பதைச் சொல்லிவைப்பதும் முறையே.

அத்தக்சாங்கும் அழிவைக் கண்டது. 1692 இல் குகையைச் சூழக் கட்டப்பட்ட ஆலயம் 1998 ஏப்ரலில் தீக்கிரையாயிற்று. பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 900 மீற்றர் உயரத்திலே, செங்குத்துப் பாறையில் அதனை மீளக் கட்டி 2005 இல் அர்ப்பணித்தனர். இன்று அங்கு ஏறுவோர் பாதிவழியில் தேநீர் அருந்தலாம். அதுவரை குதிரையிலும் செல்லலாம். எனினும் யாத்திரிகரும் அதே பாதையில் ஏறுகின்றனர், மூச்சு வாங்கியபடி, மணிமாலையை உருட்டியபடி.

2022 செப்டெம்பரிலே பழைய பாதை ஒன்றும் திறக்கப்பட்டது. மேற்கே ஹாவிலிருந்து கிழக்கே திராஷிகாங் வரை 403 கிலோமீற்றர் நீளமான இப்பாதையில் ஒருகாலத்தில் அரச ஓலை சுமந்த ஓட்டக்காரரும், சுமைகாவிகளும், தலந்தோறும் சென்ற யாத்திரிகரும் நடந்தனர். 1960களில் மோட்டார் வீதி வந்தபின் அது புதர் மண்டிப் படிகள் சரிந்து மறைந்துபோயிற்று. அதனைத் துப்புரவாக்கிப் பாலங்களும் படிகளும் அமைத்து, வழிகாட்டியுடன் நடந்துசெல்லும் பிரயாணிக்கும் உள்ளூர் யாத்திரிகனுக்கும் பொதுவாக விட்டிருக்கின்றனர். பாரோ, திம்பு, புனாக்கா, திரொங்சா, பும்தாங் எனச் சோங்குகளையும் ஆலயங்களையும் தொட்டுக்கொண்டு அது நாட்டின் நடுவே குறுக்காகச் செல்கின்றது. தெற்கேயுள்ள சம்ட்சி, சிராங், சர்பாங் மாவட்டங்கள் அப்பாதையில் இல்லை.